மழைநீர் வடிகால் பெர்மிட்: அமெரிக்க நகராட்சி அதை நிறைவேற்றும் வழி

அமெரிக்க ஊர்கள் பெரும்பாலானவற்றில் மண்ணுக்கு அடியில் இரண்டு குழாய்த் தொகுதிகள் ஓடுகின்றன. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர்க் குழாய் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் பக்கத்து ஓடையிலோ ஆற்றிலோ ஏரியிலோ போய் விழுகிறது. தெருவில் கிடக்கும் நாய்க் கழிவு, புல்வெளிக்குப் போட்ட உரம், இலைக்குப்பை, பிரேக் தூசி, சிந்திய எண்ணெய், பனிக்காலத்து உப்பு எல்லாம் அதோடு போகும். இந்த இரண்டாவது தொகுதிக்குத்தான் நகராட்சி பெர்மிட் வாங்க வேண்டும்.

1972-ல் வந்த தூய நீர்ச் சட்டம் முதலில் ஆலைகளையும் கழிவுநீர் நிலையங்களையும்தான் குறிவைத்தது. 1987-ல் செய்த திருத்தம் நகர மழைநீரையும் உள்ளே கொண்டுவந்தது. 1990 விதிகளின்படி ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களின் வடிகால்கள் அடங்கின; 1999-ல் நகர்ப்புறத்தை ஒட்டிய சிறிய ஊர்களும் சேர்ந்தன. பெர்மிட்டின் ஆயுள் 5 ஆண்டு. பெரும்பாலான இடங்களில் மாநில அரசே இதைக் கொடுக்கிறது. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்களில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. நேரடியாகக் கொடுக்கிறது. இங்கே சொல்லும் எண்கள் பெரும்பாலும் மாசசூசெட்ஸின் சிறிய ஊர்களுக்கான பொது பெர்மிட்டிலிருந்து வருபவை. 2016-ல் கையெழுத்தாகி 2018 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது அது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் எண்களைத் தங்கள் பெர்மிட்டோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். வேலையின் வரிசை எங்கும் ஒன்றுதான்.

ஆலைகளுக்கான பெர்மிட்டில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு இருக்கும். மழைநீர் பெர்மிட்டில் பெரும்பாலும் அப்படி இராது. மாசை ‘நடைமுறையில் இயன்ற உச்ச அளவுக்கு’ குறைக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் சொல். சிறிய ஊர்களுக்கு அது ஆறு கடமைகளாகப் பிரிந்து வருகிறது: மக்களுக்குத் தெரிவித்தல், மக்களைச் சேர்த்துக்கொள்ளுதல், சேரக் கூடாத நீரை மழைநீர்க் குழாயில் விடும் கள்ள இணைப்புகளைக் கண்டுபிடித்து நீக்குதல், கட்டுமான இடங்களின் வண்டலைத் தடுத்தல், கட்டி முடித்த பிறகான மழைநீர் ஏற்பாடு, நகராட்சி தன் சொந்த வேலைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுதல். இவை ‘தெளிவாகவும் குறிப்பாகவும் அளக்கக்கூடியதாகவும்’ இருக்க வேண்டும் என்று 2016 விதி சொன்னது. 2025 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் இ.பி.ஏ.மீது தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. ஆற்று நீரின் தரம் கெட்டால் அதற்குப் பொறுப்பு என்று பொத்தாம்பொதுவாக பெர்மிட்டில் எழுதக் கூடாது, செய்ய வேண்டியதை எழுத வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே எந்த வேலையை, எத்தனை முறை, எந்தத் தேதிக்குள் செய்தீர்கள் என்ற கேள்விக்கு இனி எடை இன்னும் கூடும். பதிவேடு இல்லாத வேலை செய்யாத வேலையாகவே எண்ணப்படும்.

வரைபடம் முதலில்

அறிவிப்புப் பலகை, துண்டுப் பிரசுரம் என்று கண்ணுக்குத் தெரியும் வேலையில் தொடங்கும் ஊர்கள் இரண்டாம் ஆண்டிலேயே தடுமாறுகின்றன. காரணம், தங்கள் குழாய் எங்கே போகிறது என்று அவர்களுக்கே தெரியாது. மழைநீர்க் குழாய் ஆற்றில் திறக்கும் இடத்தை இங்கே வெளிவாய் என்று சொல்வோம். ஒவ்வொரு வெளிவாய்க்கும் ஒரு நிரந்தர எண், அட்சரேகை தீர்க்கரேகை, குழாயின் விட்டம், பொருள், கரையின் நிலை, எந்த நீர்நிலையில் விழுகிறது என்ற விவரம், ஒரு புகைப்படம் வேண்டும். மாசசூசெட்ஸ் கேட்கும் துல்லியம் 30 அடிக்குள். கைப்பேசியின் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் இதற்குப் போதும். மரம் அடர்ந்த ஓடைக்கரையில் போதாது.

வெளிவாயைக் குறித்த பிறகு அங்கிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும். மேன்ஹோல்கள், தெருவோர வண்டல் தொட்டிகள், இணைக்கும் குழாய்கள், பக்கத்து ஊரின் குழாயோ மாநில நெடுஞ்சாலையின் குழாயோ வந்து சேரும் புள்ளிகள் எல்லாம் படத்தில் வர வேண்டும். அந்தப் புள்ளியை விட்டுவிட்டால் அடுத்த ஊரின் கழிவுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கழிவுநீர்க் குழாயின் படத்தையும் அதே தாளில் மேலே வையுங்கள். இரண்டும் ஒரே பள்ளத்தில் ஓடும் தெருக்கள், கழிவுநீர்க் குழாய் மேலேயும் மழைநீர்க் குழாய் கீழேயும் உள்ள இடங்கள், ஒரே மேன்ஹோலில் நடுவே சுவர் வைத்து இரண்டையும் ஓடவிட்ட பழைய கட்டுமானங்கள் ஆகியவைதான் பின்னால் தொல்லை தரப்போகிறவை. 50 ஆண்டுக்கு முந்தைய காகித வரைபடங்களைத் தூக்கி எறியாதீர்கள். ஓய்வு பெறப்போகும் பொதுப்பணி ஊழியரோடு ஒரு நாள் தெருவில் நடந்து, அவர் சொல்வதையும் படத்தில் ஏற்றிவிடுங்கள்.

படத்தோடு கூடவே உள்ளூர்ச் சட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். கள்ள இணைப்புக்குத் தடை இருக்கிறது என்பதோடு பல ஊர்களின் சட்டம் நின்றுவிடுகிறது. தனியார் இடத்துக்குள் நுழைந்து சோதிக்கும் உரிமை, சாயம் ஊற்றிப் பார்க்கும் உரிமை, குறித்த நாளுக்குள் சரிசெய்ய உத்தரவிடும் அதிகாரம், செய்யாவிட்டால் நகராட்சியே செய்து செலவை வசூலிக்கும் வழி, அபராதம் ஆகியவை எழுத்தில் இல்லையென்றால், கடைக்காரர் கதவைச் சாத்திய அன்று வேலை நின்றுவிடும்.

காய்ந்த நாளில் ஓடும் நீர்

பெர்மிட்டின் உயிர்நாடி இது. மழை இல்லாத நாளில் மழைநீர்க் குழாயில் நீர் ஓடினால், அது எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். நிலத்தடி நீராக இருக்கலாம், உடைந்த குடிநீர்க் குழாயாக இருக்கலாம், யாரோ ஒருவரின் கழிப்பறையாகவும் இருக்கலாம். கள்ள இணைப்பு என்று சொன்னாலும் பெரும்பாலும் அதில் கள்ளத்தனம் இராது. வீட்டைப் புதுப்பித்தபோது பிளம்பர் கைக்கு எட்டிய குழாயில் சேர்த்துவிட்டிருப்பார். வீட்டுக்காரருக்கே அது தெரியாது.

காய்ந்த நாள் என்பதற்கு பெர்மிட் அளவு வைத்திருக்கும். மாசசூசெட்ஸில் முந்தைய 24 மணி நேரத்தில் 0.1 அங்குலத்துக்கு மேல் மழை இருக்கக் கூடாது, பனியும் பெரிதாக உருகியிருக்கக் கூடாது. வேறு பல பெர்மிட்டுகள் 48 அல்லது 72 மணி நேரம் கேட்கின்றன. விதி 24 என்றாலும் 48 மணி நேரம் காத்திருப்பது நல்லது. தட்டையான ஊர்களில் மழை நின்ற மறுநாளும் குழாய் வடிந்துகொண்டுதான் இருக்கும். வீண் மாதிரிகளுக்கு ஆய்வகப் பணம் போகும்.

இருவர் சேர்ந்து போக வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: படம், எண் எழுதிய படிவம், நீளக் கம்பில் கட்டிய மாதிரி பாட்டில், கையுறை, வெப்பநிலையும் மின்கடத்துத்திறனும் உப்புத்தன்மையும் காட்டும் மீட்டர், அமோனியா பட்டைகள், குளோரின் சோதனைக் கருவி, டிடர்ஜென்ட் சோதனைக் கருவி, பாக்டீரியாவுக்கான கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி. மேன்ஹோலுக்குள் இறங்க வேண்டாம். மூடியைத் திறந்து கம்பினாலேயே மாதிரி எடுக்கலாம். உள்ளே நிற்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கை முதலில் மரத்துப்போகச் செய்து, பிறகு உயிரை எடுக்கும்.

நீர் ஓடினால் முதலில் பாருங்கள், முகருங்கள். சோப்பு நுரை, காகிதத் துணுக்கு, சாம்பல் நிறத்தில் இழை இழையாகப் பிடித்திருக்கும் கழிவுநீர்ப் பாசி, எண்ணெய்ப் படலம். இயற்கையாக வரும் இரும்புப் பாக்டீரியாவும் மினுமினுக்கும் படலம் தரும். குச்சியால் கிளறுங்கள்: கண்ணாடிச் சில்லு போல உடைந்து பிரிந்தால் பாக்டீரியா, சுழன்று மறுபடி சேர்ந்தால் எண்ணெய்.

பிறகு அளவுகள். அமோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், டிடர்ஜென்ட் 0.25 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், இவற்றோடு பாக்டீரியா தர அளவை மீறியிருந்தாலோ குளோரின் தென்பட்டாலோ, கழிவுநீர் கலந்திருக்க மிகவும் வாய்ப்பு உண்டு என்று மாசசூசெட்ஸ் பெர்மிட் கொள்கிறது. அந்தப் பகுதி வரிசையில் முதலிடத்துக்கு வந்துவிடும். மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியாக்களில், நன்னீரில் ஈ.கோலைக்கு இ.பி.ஏ. 2012-ல் பரிந்துரைத்த அளவு 100 மில்லிலிட்டருக்குப் பெருக்குச் சராசரி 126. உவர்நீரில் என்டரோகாக்கைக்கு 35.

எண்களைச் சேர்த்துப் படிக்கத் தெரிய வேண்டும். டிடர்ஜென்ட் 0.25-க்கு மேல் இருந்து, அமோனியாவைப் பொட்டாசியத்தால் வகுத்தால் 1-க்கு மேல் வந்தால் கழிப்பறை நீர். அதே டிடர்ஜென்ட் இருந்து விகிதம் 1-க்குக் கீழே என்றால் துணி துவைத்த நீர் அல்லது கார் கழுவிய நீர். டிடர்ஜென்ட் இல்லை, ஃபுளூரைடு 0.25-க்கு மேல் என்றால் குடிநீர்க் குழாய்க் கசிவோ தோட்டத்துக்குப் பாய்ச்சிய நீரோ. ஊரின் குடிநீரில் ஃபுளூரைடு சேர்க்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எதுவுமே இல்லை, குளிர்ந்து ஒரே சீராக ஓடுகிறது என்றால் நிலத்தடி நீர். டிடர்ஜென்டும் அமோனியாவும் இல்லாமல் பாக்டீரியா மட்டும் எகிறினால், குழாய்க்குள் குடியிருக்கும் ரக்கூன்களையும் புறாக்களையும் சந்தேகியுங்கள்.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. குளோரினைப் பதினைந்து நிமிடத்துக்குள் அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். மாங்கனீசு கலந்த நீர் பொய்யாகக் குளோரின் காட்டும். உவர்நீரில் டிடர்ஜென்ட் சோதனை பொய்யாக ஏறும். அந்தக் கருவிகள் சிலவற்றில் குளோரோஃபார்ம் இருப்பதால் மீதியை ஓடையில் கொட்டக் கூடாது, அபாயக் கழிவாகச் சேர்த்து வைக்க வேண்டும். பாக்டீரியா மாதிரி 10 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆய்வகம் போய்ச் சேர்ந்து, எடுத்த 8 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரி பெரும்பாலும் வீண்.

காலை பத்து மணிக்குப் போய் ‘நீர் இல்லை’ என்று எழுதிவிட்டு வருவதும் பெரிய ஓட்டைதான். வீடுகளில் நீர் ஓடுவது காலை 6 முதல் 9 வரையும் மாலையிலும். குழாயின் அடியில் ஈரமோ கறையோ நாற்றமோ இருந்தால் அந்த நேரத்தில் மறுபடி போங்கள். அல்லது வெளுக்காத பஞ்சுத் துண்டைக் கம்பி வலையில் கட்டிச் சில நாள் குழாயில் விட்டுப் பாருங்கள். சலவைத் தூளில் உள்ள வெண்மையூட்டி அதில் ஒட்டிக்கொண்டு புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும்.

மூலத்தைப் பிடிப்பது பொறுமையான வேலை. வெளிவாயிலிருந்து மேலே, குழாய்கள் பிரியும் ஒவ்வொரு முக்கிய மேன்ஹோலிலும் அதே சோதனையைச் செய்தால் எந்தக் கிளை என்று குறுகிவரும். நீர் விட்டுவிட்டு வருகிறதென்றால் மணல் மூட்டையால் கிளையை அடைத்து 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் பின்னால் தேங்கியதைச் சோதிக்கலாம். இடையில் மழை வருமா என்று பார்த்துவிட்டு அடையுங்கள். இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே என்று குறுகியதும் கேமரா விடலாம். எந்த வீடு என்பதை உறுதிசெய்யச் சாயம்: கழிப்பறை, வாஷிங் மெஷின், தரை வடிகால் என ஒவ்வொன்றிலும் தனித்தனியே, இடையில் போதிய நேரம் விட்டு ஊற்ற வேண்டும். அதற்கு முன் தீயணைப்புத் துறைக்கும் மாநில அவசர எண்ணுக்கும் சொல்லிவிடுங்கள். ஓடை திடீரென்று பச்சையாகிவிட்டது என்று அழைப்புகள் குவியும். குழாயில் புகை செலுத்திப் பார்க்கும் புகைச் சோதனை என்றால் வீடு வீடாகச் சொல்லி, பயன்படுத்தாத தரை வடிகால்களில் ஒரு குவளை நீர் ஊற்றச் சொல்ல வேண்டும். வடிகாலுக்கு அடியில் உள்ள குழாய் வளைவில் நீர் காய்ந்திருந்தால் புகை வீட்டுக்குள் வந்துவிடும்.

கண்டுபிடித்த கள்ள இணைப்பை 60 நாளுக்குள் நீக்க முடியாவிட்டால், எப்போது நீக்குவோம் என்று கால அட்டவணை எழுதிவைக்க வேண்டும். நீக்கியபின் வெளிவாயில் மறுபடி சோதித்து எண்ணைப் பதியுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். ஒரே குழாயில் இரண்டு வீடு சேர்ந்திருப்பது அரிதல்ல.

மேலே சொன்ன பழைய இரட்டை மேன்ஹோல்களும் ஒரே பள்ளத்துக் குழாய்களும் காய்ந்த நாளில் அப்பாவியாக இருக்கும். நிலத்தடி நீர் ஏறும் மார்ச் முதல் ஜூன் வரை, மழை பெய்யும்போது அங்கே மாதிரி எடுக்க வேண்டும். அப்போதுதான் கசிவு வெளியே வரும்.

நகராட்சிக்கு இவ்வளவு சிரமம் தேவையா என்று கேட்பவர்களுக்குச் சார்ல்ஸ் ஆற்றைக் காட்டலாம். பாஸ்டன் வழியாக ஓடும் அந்த ஆற்றுக்கு 1995-ல் இ.பி.ஏ. கொடுத்த மதிப்பெண் ‘டி’. அதன்பின் நீர் தெளிந்ததற்கு, கழிவுநீர் வழிவதைத் தடுத்ததோடு, இப்படிக் குழாய் குழாயாகத் தேடி நீக்கிய கள்ள இணைப்புகளும் காரணம்.

கட்டுமான இடம்

ஒரு ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண்ணைக் கிளறும் வேலைகளை நகராட்சி பார்த்தாக வேண்டும். மூன்று ஏக்கரை ஆறு அரை ஏக்கர் மனைகளாகப் பிரித்து விற்றாலும் ஒரே திட்டத்தின் பகுதி என்றால் ஒவ்வொன்றும் கணக்கில் வரும். கட்டுநர், ‘மத்திய பெர்மிட் வாங்கிவிட்டேன், நகராட்சிக்கு என்ன வேலை?’ என்பார். அது அவருடைய பெர்மிட். வரைபடத்தைச் சரிபார்ப்பதும் நேரில் போய்ப் பார்ப்பதும் உங்கள் பெர்மிட்டின் கடமை.

மத்தியக் கட்டுமான பெர்மிட்படி கட்டுநர் 7 நாளுக்கு ஒருமுறை, அல்லது 14 நாளுக்கு ஒருமுறையும் கால் அங்குல மழைக்குப்பின் 24 மணி நேரத்துக்குள்ளும், சோதித்துக் குறிப்பு எழுத வேண்டும். உங்கள் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது அந்தக் குறிப்பேடுதான். பிறகு வண்டல் வேலி: துணியின் அடிப்பகுதி சுமார் 6 அங்குல ஆழப் பள்ளத்தில் புதைந்திருக்க வேண்டும். வெறுமனே தரையில் தொங்கினால் மண் அடியில் ஓடிவிடும். வேலி சமநிலைக் கோட்டில் போய் முனைகள் மேட்டுப் பக்கம் வளைந்திருக்க வேண்டும். சரிவில் நேராக இறக்கிக் கட்டினால் அதுவே வாய்க்காலாகிவிடும். தரைக்கு மேல் உள்ள உயரத்தில் பாதிவரை வண்டல் சேரும் முன் அள்ள வேண்டும். லாரி வெளியேறும் இடத்தில் துணி விரிப்புக்கு மேல் 6 அங்குலக் கனத்தில் சரளை, 50 அடி நீளத்துக்கு. அதையும் மீறித் தெருவில் சேறு தெரிந்தால் அன்றைக்கே பெருக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் கழுவிய நீர் காரத்தில் பி.எச். 12 வரை போகும், மீனைக் கொல்லும். கசியாத தொட்டி கட்டாயம்.

கட்டி முடித்த பிறகு: கணக்கும் குழியும்

மாசசூசெட்ஸில் புதிய கட்டுமானம், நீர் உறிஞ்சாத தளம் முழுவதிலும் 1 அங்குல மழையைத் தன் இடத்திலேயே நிறுத்த வேண்டும், அல்லது மிதக்கும் திண்மத்தில் 90 சதவீதத்தையும் பாஸ்பரஸில் 60 சதவீதத்தையும் நீக்க வேண்டும். ஏற்கெனவே கட்டியதை மாற்றிக் கட்டினால் 0.8 அங்குலம், அல்லது திண்மத்தில் 80 சதவீதமும் பாஸ்பரஸில் 50 சதவீதமும்.

ஒரு கணக்கு. 20,000 சதுர அடி வாகன நிறுத்தம். ஒரு அங்குலம் என்பது அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு; ஆக 1,667 கன அடி, சுமார் 47,000 லிட்டர். இதை, நீரைத் தேக்கி மண் வழியே வடிகட்டும் செடிப் படுகையில் நிறுத்துவோம். மேலே 6 அங்குலம் நீர் தேங்கும்: 0.5 அடி. அடுத்து இரண்டரை அடி மணல்-மண் கலவை, அதில் நீர் நிற்கும் இடம் கால் பங்கு: 0.625 அடி. அடியில் ஒரு அடி சரளை, இடைவெளி 40 சதவீதம்: 0.4 அடி. மொத்தம் 1.525 அடி. 1,667-ஐ இதனால் வகுத்தால் சுமார் 1,100 சதுர அடி, வாகன நிறுத்தத்தில் ஐந்தரை சதவீதம். சரிபார்க்க வரும் வரைபடத்தில் இதைவிடப் பெரிதும் சிறிய படுகை தெரிந்தால், எந்த அடுக்கின் இடைவெளி அளவை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மண்ணுக்குள் ஊறவிடும் அமைப்பு என்றால் அடிக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே 2 அடி வேண்டும், 72 மணி நேரத்துக்குள் வடிந்துவிட வேண்டும். ஊறும் வேகத்தை அந்த ஆழத்திலேயே சோதித்திருக்க வேண்டும். மேல் மண்ணில் சோதித்த எண் உதவாது.

தாளில் சரியான படுகைகள் தரையில் செத்துப்போவதற்குக் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். சுற்றிலும் புல் பிடிக்கும் முன்பே படுகையைத் திறந்துவிட்டால் முதல் பெருமழையில் களிமண் வந்து அடைத்துவிடும். எக்ஸ்கவேட்டரைக் குழிக்குள் இறக்கினால் அடிமண் இறுகிவிடும். ஓரத்தில் நின்றே தோண்டி, கடைசியில் அடியைக் கிளறிவிட வேண்டும். கலவைக்கும் சரளைக்கும் நடுவே விரித்த துணி சில ஆண்டில் அடைபடும். அதற்குப் பதில் சிறு கூழாங்கல் அடுக்கு போடுங்கள். நீர் நுழையும் விளிம்பு வெட்டுக்கும் உள்ளே மண்ணுக்கும் 2 அல்லது 3 அங்குல இறக்கம் இல்லையென்றால் புல்லும் வண்டலும் ஏறி நீரைத் தெருவிலேயே ஓடவிடும். வழிந்தோடும் குழாயின் வாய் படுகையின் தரையோடு சமமாக இருந்தால் நீர் தேங்கவே தேங்காது. செடி செழிக்கட்டும் என்று கம்போஸ்ட்டை அள்ளிப் போடுவது எல்லாவற்றிலும் மோசம்: பாஸ்பரஸைப் பிடிக்க வைத்த படுகை பாஸ்பரஸைக் கக்கும்.

பராமரிப்பு ஒப்பந்தம் சொத்துப் பத்திரத்தோடு பதிவாக வேண்டும். இல்லையென்றால் இடம் கைமாறிய அன்று படுகை யாருக்கும் சொந்தமில்லை. கட்டி முடித்த நிலையின் வரைபடம் கைக்கு வராமல் பிணைத் தொகையை விடுவிக்காதீர்கள்.

நகராட்சியின் சொந்த வீடு

வண்டல் தொட்டியில் எந்த நேரத்திலும் பாதிக்கு மேல் நிறையக் கூடாது என்பது மாசசூசெட்ஸ் விதி. ‘பாதி’ என்பது தொட்டியின் அடியிலிருந்து வெளியேறும் குழாயின் அடிமட்டம் வரையுள்ள உயரத்தில் பாதி. மூடியிலிருந்து அடிவரை 8 அடி, வெளியேறும் குழாய் மூடியிலிருந்து 4 அடியில் என்றால் வண்டல் அறை 4 அடி. கம்பை விட்டால் 6 அடிக்குள் வண்டல் தட்டினால் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. தொடர்ந்து இரண்டு முறை பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் மேலே எங்கிருந்து மண் வருகிறது என்று தேட வேண்டும். எல்லாத் தொட்டியையும் ஆண்டுக்கு ஒருமுறை என்று கண்மூடி ஒப்பந்தம் விடுவதைவிட, ஒரு சுற்று அளந்து, வேகமாக நிறைபவற்றை அடிக்கடியும் மற்றவற்றை இடைவெளி விட்டும் செய்வது செலவும் குறைவு, பலனும் கூடுதல். வெளியேறும் குழாயின் முன்னிருக்கும் கவசம் உடைந்திருக்கிறதா என்பதையும் அந்தப் படிவத்தில் சேருங்கள். எண்ணெயையும் குப்பையையும் தடுப்பது அதுதான்.

தெருக்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது, வசந்தத்தில் பனிக்கால மணல் மழையில் கரைந்தோடும் முன் பெருக்க வேண்டும். பொதுப்பணித் துறை முற்றத்துக்கும் குப்பை மாற்று நிலையத்துக்கும் தனி மாசுத் தடுப்புத் திட்டம் உண்டு, காலாண்டுக்கு ஒருமுறை சோதனையும் உண்டு. உப்புக் குவியல் கூரைக்கு அடியில். லாரி கழுவும் நீர் கழிவுநீர்க் குழாய்க்கு. இ.பி.ஏ. ஆய்வாளர் வந்தால் முதலில் நிற்கும் இடம் பெரும்பாலும் இந்த முற்றம்தான்.

பாஸ்பரஸ், பணம், அறிக்கை

நீர்நிலை ஏற்கெனவே கெட்டிருந்து அதில் ஒரு நாளைக்கு இவ்வளவு மாசுதான் சேரலாம் என்று தினசரிச் சுமை வரம்பு வகுத்திருந்தால் மேலே சொன்னது போதாது. சார்ல்ஸ் ஆற்று வடிநில ஊர்கள் இருபது ஆண்டுத் திட்டம் போட்டுப் பாஸ்பரஸைக் கிலோ கணக்கில் குறைத்துக் காட்ட வேண்டும். செடிப் படுகை கட்டுவதற்கு முன் மலிவானதைச் செய்யுங்கள். செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 1 வரை வாரம் ஒருமுறை தெருவிலும் வாகன நிறுத்தங்களிலும் இலைக்குப்பையை அள்ளினால் அந்தப் பரப்பின் பாஸ்பரஸில் 5 சதவீதம் குறைந்ததாகக் கணக்கில் வரும். மூலத்திலேயே நிறுத்துவதற்கு இணை எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010-ல் பிரேக் கட்டைகளில் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டன. டெக்சஸின் ஆஸ்டின் 2006 முதல் நிலக்கரித் தார் பூச்சைத் தடைசெய்தது. எந்தப் படுகையும் பிடிக்க முடியாத அளவு மாசு அதனால் தெருவுக்கே வராமல் நின்றது.

மக்களுக்குத் தெரிவிக்கும் கடமை எளிது: வீட்டார், கடைகளும் நிறுவனங்களும், கட்டுநர்கள், தொழிற்சாலைகள் என நான்கு பிரிவுக்கும் பெர்மிட் காலத்தில் குறைந்தது இரண்டு செய்தி, ஓராண்டு இடைவெளியில். பக்கத்து ஊர்களோடு சேர்ந்து அச்சடியுங்கள். ஊரில் பேசும் மொழிகளில் அச்சடியுங்கள்.

பணம் பொது வரியிலிருந்து வந்தால் ஒவ்வொரு ஆண்டும் பள்ளிக்கூடத்தோடும் தீயணைப்போடும் போட்டி போட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ 1974-லேயே தனி மழைநீர்க் கட்டணம் வைத்தது. நீர் உறிஞ்சாத தளத்தின் பரப்பைப் பொறுத்து வசூலிப்பதுதான் நியாயமான முறை. பெரிய வாகன நிறுத்தம் வைத்திருப்பவர் அதிகம் கட்டுவார், தன் இடத்திலேயே நீரை நிறுத்தினால் தள்ளுபடி பெறுவார். 2011 முதல் மத்திய அரசுக் கட்டடங்களும் நியாயமான கட்டணத்தைக் கட்டியாக வேண்டும்.

மாசசூசெட்ஸின் பெர்மிட் ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது, அறிக்கைக்கு 90 நாள். செப்டம்பரில் உட்கார்ந்து ஆண்டு முழுவதையும் நினைவிலிருந்து எழுதும் ஊர்கள்தான் மாட்டிக்கொள்கின்றன. மீறலுக்கு ஒரு நாளைக்கு 60,000 டாலருக்கு மேல் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுக் குடிமக்களே வழக்கும் போடலாம். உங்கள் ஆண்டறிக்கைதான் அவர்கள் கையில் இருக்கும் சான்று. செய்யாததைச் செய்யவில்லை என்றும், ஏன் என்றும், எப்போது செய்வோம் என்றும் எழுதுவது பாதுகாப்பு. கையெழுத்திடுபவர் சட்டத்தின்முன் உறுதிமொழி கொடுக்கிறார் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறிக்கை அனுப்புமுன் ஒரு சோதனை செய்யலாம். ஏதேனும் ஒரு வெளிவாய் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அதன் படம், கடைசியாகச் சோதித்த தேதி, அன்றைய மழை அளவு, ஆய்வகத் தாள், மேலே உள்ள தொட்டிகளின் வண்டல் ஆழம், அந்தப் பகுதியில் உள்ள படுகைகளின் பராமரிப்புக் குறிப்பு எல்லாம் அரை மணி நேரத்தில் மேசைக்கு வர வேண்டும். எந்தத் தாள் வரவில்லையோ, அடுத்த வாரத்து வேலை அங்கே தொடங்குகிறது.